'அவர்கள் குடிமக்களே இல்லையே' என்று கேட்ட வாசகருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே 3, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்காக நீங்கள் போட்ட சிறு செய்தியில் ரோஹிங்யா முஸ்லிம்கள் கொல்லப்பட்டதை எழுதிச் சிறை போன வா லோன், கியாவ் சோ ஊ என்ற ராய்ட்டர் செய்தி நிறுவனத்தின் இரண்டு மியன்மார் நிருபர்களைப் பற்றி நாலு வரி வந்திருந்தது. நாலே வரிதான். அதற்கே அடுத்த வாரம் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டார். சொந்த மதத்துக்காரர்களைக் காட்டிக் கொடுத்தவர்களுக்குத் தமிழ் ஏட்டில் என்ன இடம், ரோஹிங்யாக்கள் அந்த நாட்டுக் குடிமக்களே இல்லையே, இங்கே நம் பிள்ளைகளின் பிரச்சினையே மலையாகக் கிடக்கும்போது இதெல்லாம் தேவையா என்று கேட்டிருந்தார். நீங்கள் அதற்கு ஆசிரியர் குறிப்பு எதுவும் போடவில்லை. போட்டிருக்க வேண்டும். போடாததால் நான் எழுதுகிறேன்.

நான் பட்டர்வொர்த்தில் பத்திரிகைக் கடை வைத்திருப்பவன். காலையில் கட்டைப் பிரித்து உங்கள் ஏட்டைத் தொங்கவிடுகிறவன் என்பதால் யார் எந்தப் பக்கத்தை முதலில் திருப்புகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. மரண அறிவிப்புக்கும் ராசிபலனுக்கும் அடுத்தபடி வாசகர் கடிதம்தான். அந்த அன்பரின் கடிதத்தை என் கடை வாசலில் நின்று சத்தமாகப் படித்து "சரியாத்தான் கேட்டிருக்கான்" என்று தலையாட்டிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அதனால் இது அவர் ஒருவருக்கு மட்டும் எழுதும் பதில் இல்லை.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தலையாட்டியவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. 2017 ஆகஸ்ட் 25ஆம் தேதி மியன்மாரின் ரக்கைன் மாநிலத்தில் ரோஹிங்யா ஆயுதக் குழு ஒன்று போலீஸ் சாவடிகளைத் தாக்கியது. அதைச் சாக்காக வைத்து ராணுவம் ஊர் ஊராக இறங்கியது, ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். அங்கே இன் டின் என்று ஒரு கடலோரக் கிராமம். செப்டம்பர் 2ஆம் தேதி அந்த ஊரில் பத்து ரோஹிங்யா ஆண்களைக் கொன்று ஒரே குழியில் போட்டுப் புதைத்தார்கள். மீனவர்கள், கடைக்காரர்கள், மார்க்க ஆசிரியர் ஒருவர், இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன்கள் இரண்டு பேர். சிலரைப் பக்கத்து வீட்டுப் பௌத்தர்களே வெட்டினார்கள், மற்றவர்களை ராணுவம் சுட்டது. கொல்வதற்கு முன் எடுத்த படம் இருக்கிறது. பத்துப் பேரும் வரிசையாக மண்டியிட்டு இருக்கிறார்கள், பின்னால் துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கிறார்கள். இன்னொரு படத்தில் குழியும் அதற்குள் அவர்களும். அந்தப் படங்களை ராய்ட்டர் நிருபர்களிடம் கொடுத்தவர் ரோஹிங்யா இல்லை, அந்த ஊரின் பௌத்தப் பெரியவர் ஒருவர்தான். வீடுகளைக் கொளுத்தினோம், பிணங்களைப் புதைத்தோம் என்று வாய் திறந்து சொன்ன பௌத்தர்களின் சாட்சியங்களும் அந்தச் செய்தியில் இருந்தன.

இதைத் தோண்டி எடுத்த இரண்டு பேரும் பௌத்தர்கள். கியாவ் சோ ஊ ரக்கைன் இனத்தவர், சித்வே ஊர்க்காரர், அதாவது ரோஹிங்யாக்களோடு பரம்பரைப் பகை இருப்பதாகச் சொல்லப்படும் அதே சமூகம். வா லோன் நெல் விவசாயி வீட்டுப் பிள்ளை, வாலிபத்தில் மோல்மேன் துறைமுக நகரில் பிக்குவான மாமாவோடு மடத்தில் தங்கியிருந்தவர். (மோல்மேன் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தேக்கு மரமும் செட்டியார் கடையும் ஞாபகம் வரும். அது பற்றிப் பின்னால் சொல்கிறேன்.)

2017 டிசம்பர் 12ஆம் தேதி இரவு யங்கோனின் ஓர் ஓரத்தில், சாப்பிடக் கூப்பிட்ட போலீஸ்காரர்கள் சுருட்டிய காகிதம் சிலவற்றை இவர்கள் கையில் கொடுத்தார்கள். உணவகத்தை விட்டு வெளியே வந்ததும் கைது. ரகசிய ஆவணம் வைத்திருந்தார்களாம். சட்டம் 1923இல் வெள்ளைக்காரன் போட்ட அரசு ரகசியச் சட்டம். நீதிமன்றத்தில் போலீஸ் தரப்பு என்ன சொன்னது என்றால், சாலைச் சோதனையில் தற்செயலாகப் பிடித்தோம் என்று. அந்தக் கதையை எவ்வளவு லட்சணமாகக் கட்டினார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: கைது நடந்த இடத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்த ஓர் ஆள் அந்த விவரத்தைத் தன் கையிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கண்டுபிடித்துக் கேட்டபோது எனக்கு மறதி என்றார். இன்னொரு போலீஸ்காரர் கைது பற்றிய தன் குறிப்புகளை எரித்துவிட்டேன் என்றார். மோ யான் நைங் என்ற போலீஸ் கேப்டன் மட்டும் 2018 ஏப்ரலில் கூண்டில் நின்று, மேலதிகாரிதான் பொறி வைக்கச் சொன்னார் என்று உண்மையை உடைத்தார். அடுத்த நாளே அவர் குடும்பத்தைப் போலீஸ் குடியிருப்பிலிருந்து வெளியேற்றினார்கள், அவருக்கும் ஒழுங்குமீறல் என்று ஓராண்டு சிறை. நிருபர்களைப் பற்றிப் பேசும்போது இவரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு இவரை அதிகம் பிடிக்கும். பத்திரிகைக்காரனுக்காவது எழுதுவது தொழில், உடுப்புப் போட்டவனுக்கு வாயை மூடிக்கொள்வதுதானே சம்பளம்.

செய்தி 2018 பிப்ரவரி 8ஆம் தேதி வெளிவந்தபோது இருவரும் உள்ளே இருந்தார்கள். ஆகஸ்டில் வா லோனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, அப்பா இன்செயின் சிறையில். செப்டம்பர் 3ஆம் தேதி தீர்ப்பு, ஆளுக்கு ஏழு ஆண்டு. இன் டின் கொலைக்காக ஏழு சிப்பாய்களுக்குப் பத்தாண்டு கடுங்காவல் விதித்திருந்தார்களே, அவர்களை அதே ஆண்டு நவம்பரில் சத்தம் போடாமல் விட்டுவிட்டார்கள். ஓராண்டு கூட முழுதாக இருக்கவில்லை. செய்தி எழுதியவர்கள் 511 நாள் இருந்துவிட்டு, 2019 மே 7ஆம் தேதி பொது மன்னிப்பில் வெளியே வந்தார்கள். புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டபோதும் சிறையில்தான் இருந்தார்கள்.

இப்போது நம் அன்பரின் கேள்விக்கு வருகிறேன். விசாரணையின்போது தன்னிடம் என்ன கேட்டார்கள் என்று வா லோன் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார். நீங்கள் இரண்டு பேரும் பௌத்தர்கள், இந்த நேரத்தில் எதற்காக அவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள், அவர்கள் குடிமக்களே இல்லையே என்று கேட்டார்களாம். முகத்தில் கறுப்புத் துணியை மாட்டி, தூங்கவிடாமல், கியாவ் சோ ஊவை மணிக்கணக்கில் தரையில் மண்டியிட வைத்துக் கேட்ட கேள்வி அது. அதையே நம் அன்பர் சுகமாக நாற்காலியில் உட்கார்ந்து, அரை அட்சரம் மாறாமல் கேட்டிருக்கிறார். அவரும் அந்த அதிகாரிகளும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எந்த வாயிலிருந்து வந்த கேள்வி என்று தெரிந்து கேட்பது நல்லது.

குடிமக்கள் இல்லை என்பதும் வானத்திலிருந்து விழுந்த விஷயமில்லை. 1982இல் மியன்மார் ராணுவ சர்வாதிகாரி நே வினின் ஆட்சி ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. 1823க்கு முன்பே அங்கே இருந்த இனம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டால்தான் முழுக் குடியுரிமை. ரோஹிங்யாக்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. சரி, 1823 என்கிற அந்தக் கோட்டை இங்கே யாராவது போட்டால் என்ன ஆகும்? பால்மரம் வெட்ட, தண்டவாளம் போட, துறைமுகத்தில் மூட்டை தூக்க என்று வந்தவர்களின் பிள்ளைகள் நாம். பினாங்குச் சூலியாக்களில், அதாவது பழைய தமிழ் முஸ்லிம் வணிகர்களில், சில குடும்பங்கள் ஒருவேளை தேறும். என் தாத்தா தேறமாட்டார், அந்த அன்பரின் தாத்தாவும் தேறமாட்டார் என்றே நினைக்கிறேன். இதே மண்ணில் பிறந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு செத்துப்போன தோட்டத்துக் கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன், அவரும் பார்த்திருப்பார்.

மோல்மேன் பேச்சை எடுத்தேன் அல்லவா. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளையும் வியாபாரத்தையும் தேசியமயமாக்கினார். லட்சக்கணக்கான இந்தியர்கள், அதில் தமிழர்கள் ஏராளம், போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் என்று ஒன்று ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மிச்சமிருந்த தமிழர்களில் பலரை அந்த 1982 சட்டம்தான் இரண்டாம் தரக் குடிமகன், மூன்றாம் தரக் குடிமகன் என்று ஆக்கியது. ரோஹிங்யாக்களை வெளியே தள்ளிய கதவில்தான் நம் ஆட்களின் விரலும் நசுங்கியது.

சரி, 'காட்டிக் கொடுத்தவர்கள்' என்ற பேச்சுக்கு வருவோம். 2007 அக்டோபர் 30ஆம் தேதி ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோவிலை இடித்தபோது, தீபாவளிக்குப் பத்து நாள்கூட முழுதாக இருந்ததா என்ன. நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில் இந்து உரிமைகளுக்காகப் போராடிய இண்ட்ராப் அமைப்பின் பேரணி, கண்ணீர்ப் புகை, தண்ணீர் பீய்ச்சல். டிசம்பரில் அதன் தலைவர்கள் ஐந்து பேரை இசாவில், அதாவது விசாரணையின்றி அடைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், பிடித்துக் கமுந்திங் தடுப்பு முகாமில் போட்டார்கள். அப்போது என் கடைக்கு வந்தவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? "மலாய்க்காரப் பத்திரிகையில் யாராவது ஒருத்தன் நமக்காக எழுதினானா, சீனப் பத்திரிகையில் வந்ததா?" என்றுதான். ஏன் கேட்டார்கள்? நாம் நமக்காகக் கத்தினால் அது சாதாரணச் சத்தம், பக்கத்து வீட்டுக்காரன் நமக்காகப் பேசினால்தான் அதிகாரியின் காதில் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படி அன்று ஒரு மலாய் நிருபர் எழுதி அதற்காக உள்ளே போயிருந்தால், அவரை இனத்துரோகி என்று சொல்லியிருப்போமா, தைப்பூச ரதத்தோடு படம் வைத்துக் கொண்டாடியிருப்போமா?

2009 ஆகஸ்டில் ஷா ஆலாம் செக்ஷன் 23இல் கோவில் வரக்கூடாது என்று வெட்டிய மாட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அந்தக் காணொளியை நீக்கச் சொல்லித் தொடர்பு, பல்லூடக ஆணையம் மலேசியாகினி இணையச் செய்தித் தளத்துக்கு உத்தரவு போட்டது. அவர்கள் நீக்க மறுத்தார்கள், விசாரணையையும் சந்தித்தார்கள். அந்தப் படம் இருந்ததால்தான் நடந்ததை நடக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதை மறுத்து நின்றவர்கள் எல்லாரும் இந்துக்களா?

நம் பினாங்கிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2008இல் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல் கூட்டத்தில் அன்றைய ஆளும் மலாய்க் கட்சியான அம்னோவின் தொகுதித் தலைவர் ஒருவர் சீனர்களை ஒண்ட வந்தவர்கள் என்கிற மாதிரிப் பேசினார். அதை எழுதிய சின் சியூ சீன நாளேட்டு நிருபர் தான் ஹூன் செங்கை செப்டம்பர் 12ஆம் தேதி இரவு புக்கிட் மெர்தாஜாமில் வீட்டுக்குப் போய் இசாவில் பிடித்தார்கள். பேசியவரைப் பிடிக்கவில்லை, எழுதியவரைப் பிடித்தார்கள். ஊரே கொதித்ததால் மறுநாள் விட்டார்கள். அவருடைய பாதுகாப்புக்காகத்தான் பிடித்தோம் என்று உள்துறை அமைச்சர் விளக்கம் வேறு சொன்னார். இசா 2012இல் போய்விட்டது. அரசு ரகசியச் சட்டம் இங்கேயும் உண்டு, 1972இல் போட்டது, இன்னும் இருக்கிறது.

அப்புறம், நம் பிள்ளைகளின் பிரச்சினை மலையாகக் கிடக்கிறதே என்பது. உண்மைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். இங்கே வந்திருக்கும் ரோஹிங்யாக்கள் பசாரில் கடையை யார் பெயருக்கோ எடுத்து நடத்துகிறார்கள், லைசென்ஸ் இல்லாமல் லோரி ஓட்டுகிறார்கள், இரவில் சத்தம் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அகதிகள் பற்றிய 1951 உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்துப் போடவில்லை. அதனால் சட்டப்படி அவர்கள் வேலை செய்ய முடியாது, பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்குப் போக முடியாது. ஐநா அகதிகள் அலுவலகத்தில் பதிந்த ரோஹிங்யாக்களே இங்கே ஒரு லட்சத்துக்கு மேல். சம்பாதிக்கவும் கூடாது, படிக்கவும் கூடாது என்றால் பட்டினி கிடக்கவா முடியும், எப்படியாவது ஒளிந்து மறைந்துதான் பிழைப்பார்கள். நாம் எழுத வேண்டியது இந்த நிலைமையைப் பற்றித்தான், அவர்களைத் திட்டி இல்லை.

என் கடைக்குக் கைப்பேசி டாப்அப் வாங்க வரும் ஒரு ரோஹிங்யா ஆள், புல் வெட்டும் வேலை, ஐநா அட்டையை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அதையும் ரப்பர் பேண்டால் சுற்றி சட்டைப்பைக்குள் இன்னொரு பை தைத்து வைத்திருப்பார். பணம் கொடுக்கும்போது அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். அட்டை தொலைந்தால் அவ்வளவுதான் அண்ணே என்றார், நம் பாஷையிலேயே. நம் கடைகளில் நின்று கற்றுக்கொண்ட தமிழ். பங்களாதேஷ் காக்ஸ் பஜார் அகதி முகாமில் இருக்கும் அம்மாவுக்குப் பேசத்தான் அந்த டாப்அப்.

2016 டிசம்பரில் பிரதமர் நஜிப்பே கோலாலம்பூர் தித்திவாங்சா அரங்கத்தில் மேடையேறி ரோஹிங்யாக்களுக்காக முழங்கினார். 2020 ஏப்ரலில் கோவிட் வந்ததும் அவர்கள் வந்த படகைக் கடலிலேயே திருப்பி அனுப்பினார்கள், இணையத்தில் அவர்களை விரட்டு என்று மனுக்கள் குவிந்தன. நாலு வருஷத்தில் மனசு அப்படி மாறியது. அந்த மே மாதம் கோலாலம்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களைச் சுற்றி வளைத்ததை எழுதிய ஹாங்காங் நாளேடு ஒன்றின் நிருபரைப் போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டது. அவர் நம் இந்திய சமூகத்துப் பெண். நம் ஏடுகளில் அதற்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பது உங்களுக்கே தெரியும்.

2022 ஏப்ரல் 20ஆம் தேதி விடியற்காலை சுங்கை பாக்காப் தற்காலிகத் தடுப்பு முகாமிலிருந்து 528 ரோஹிங்யாக்கள் தப்பி ஓடினார்கள். ஜாவி பக்கம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி ஆறு பேர் செத்தார்கள். இரண்டு ஆண், இரண்டு பெண், ஒரு பையன், ஒரு சிறுமி. என் கடையிலிருந்து அதிக தூரமில்லை, நிபோங் தெபாலுக்குப் போகும்போதெல்லாம் கடக்கிற இடம். குழந்தைகளை ஏன் அடைத்து வைத்திருந்தார்கள், எதற்காக அந்த இருட்டில் ஓடினார்கள் என்று தமிழில் யாராவது போய்க் கேட்டு எழுதினார்களா? தப்பியவர்களைப் பிடித்த எண்ணிக்கையைத்தான் நாள்தோறும் படித்தோம். அதற்கு முன் 2015 மே மாதம் பெர்லிஸ் வாங் கெலியான் காட்டில் ஆள்கடத்தல் முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிருபர் குழு 2017 டிசம்பரில் அதை விடாமல் கிளறி எழுதிய பிறகே அரச விசாரணை ஆணையம் வரை போனது. இங்கேயும் நிருபர்களால் முடிகிறது. தமிழ் நிருபர்களுக்கு மட்டும் முடியாதா என்ன.

மியன்மாரில் அந்தக் கதை 2019இல் முடிந்துவிடவும் இல்லை. அந்த இருவருக்கும் தண்டனை விதித்த பிறகு, இது கருத்துச் சுதந்திரப் பிரச்சினை இல்லை, ரகசியச் சட்டத்தை மீறிய வழக்கு என்று ஹனோயில் நின்று நியாயப்படுத்தியவர் அப்போது அரசாங்கத்தை நடத்திய ஆங் சான் சூ சி. 2021 பிப்ரவரியில் ராணுவம் அவரையே பிடித்து உள்ளே போட்டது. 2022 செப்டம்பரில் அவருக்கு விதித்த தண்டனைகளில் ஒன்று அதே அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் மூன்றாண்டு. எனக்கு இதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த அம்மாள் படத்தை நாம் ஒரு காலத்தில் காலண்டரில் மாட்டாத குறையாகக் கும்பிட்டோம் என்பதால் சொல்கிறேன். 2023 மே மாதம் மோச்சா புயல் சித்வேயையும் அதை ஒட்டிய ரோஹிங்யா முகாம்களையும் அடித்துப் போட்டது. அதைப் படம் எடுக்கப் போன மியன்மார் நவ் செய்தி நிறுவனப் புகைப்படக்காரர் சாய் ஸா தைக்கைப் பிடித்து, இன்செயின் சிறைக்குள்ளேயே ராணுவ நீதிமன்றம் வைத்து 20 ஆண்டு கடுங்காவல் விதித்தார்கள். புயல் சேதத்தைப் படம் எடுத்ததற்கு இருபது ஆண்டு. நீங்கள் மே 3ஆம் தேதி போட்ட நாலு வரியில் இந்தப் பெயர் இல்லை.

ஐயா, நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஞாயிறு மலரில் சினிமாவுக்கு நாலு பக்கம் ஒதுக்குகிறீர்கள், அதில் பாதிப் பக்கம் போதும். உங்கள் பினாங்கு நிருபரை ஜாவிக்கும், புக்கிட் மெர்தாஜாமில் ரோஹிங்யாப் பிள்ளைகளுக்கு நடக்கும் சின்னப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். மொழிபெயர்ப்புக்கு ஆள் வேண்டுமென்றால் மேலே சொன்ன டாப்அப் அண்ணனின் தமிழே சமாளிக்கும். பெயரையும் படத்தையும் மட்டும் போட்டுவிடாதீர்கள், குடிநுழைவுத் துறை தேடி வரும். விற்பனை குறையும் என்று பயந்தால், என் கடையைப் பொறுத்தவரை குறையாது என்று நான் பொறுப்பேற்கிறேன். திட்டுவதற்காகவாவது வாங்குவார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டித்தான் போடுவீர்கள் என்று தெரியும். வெட்டுவதானால் என் கடையைப் பற்றி எழுதியதை வெட்டுங்கள். இன் டின் பத்தியையும் சாய் ஸா தைக் பெயரையும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பத்திரிகைக் கடைக்காரன்,
பட்டர்வொர்த், பினாங்கு.